உள்ரூமில் எடுத்த அளவு

உட்காருங்க சார். அந்த நாற்காலி வேண்டாம், அதுக்கு ஒரு கால் ஆட்டம். இப்படி ஃபேனுக்குக் கீழே வந்துடுங்க. மூணு மாடி ஏறி வந்திருக்கீங்க, அதுவும் மீட்டர் வைக்கிற அந்த முக்காலியைத் தூக்கிக்கிட்டு. மீட்டர் அது பாட்டுக்கு ஓடட்டும். ஓடுறப்போ நான் பேசலாமில்லே? பேச்சு அதுலே பதியாதே? சரி, அப்போ பேசுறேன்.

முகுந்தன்னுதானே சொன்னீங்க பேரு? கோகிலா போன்ல சொன்னா. "முகுந்தன்னு ஒருத்தர் வருவார், நல்ல மாதிரி, கதவைத் திறந்து விடும்மா, அளந்துட்டுப் போயிடுவார்"னு. திறந்து விடுன்னு ஏன் சொல்றா பாருங்க. நான் என்னமோ கதவைத் திறக்காத ஆள் மாதிரி. உங்க ஆபீஸ்ல நாலு பேரு நாலு விதமா பேசியிருப்பாங்க, எனக்குத் தெரியும். அன்னிக்கு நடந்ததை நடந்த மாதிரி நான் சொல்றேன், கேட்டுக்குங்க. காப்பிக்குச் சர்க்கரை போடலாமா? போடலாங்கறீங்க. சரி.

எங்க வீட்டுக்காரர் பேரு ஏகாம்பரம். புரசைவாக்கம் ஹைரோட்டிலே ஒரு கண்ணாடிக் கடையிலே லென்ஸ் தேய்க்கிற வேலை. இருபத்தெட்டு வருஷம் ஒரே கடை. கோகிலா எங்களுக்கு ஒரே பொண்ணு. பி.காம் முடிச்சுட்டு ஒரு செல்போன் கடையிலே பில் போடுற வேலைக்குப் போயிட்டு இருந்தா. மூணு பேரு, ஒரு ஹால், ஒரு ரூம், ஒரு சமையல்கட்டு, பின்னாடி சாமான் போட்டு வைக்க ஜன்னல் இல்லாத ஒரு உள்ரூம். எங்களுக்கு அது போதும். யாரு வம்புக்கும் போனதில்லே.

இந்தச் சந்து எவ்வளவு குறுகல்னு பாத்தீங்க இல்லே? ரெண்டு ஸ்கூட்டர் எதிரெதிரா வந்தா ஒண்ணு நின்னு வழி விடணும். அதுலே எதிர்த்தாப்பல லாட்ஜ். ஆவணி மாசத்துலே ஒரு நாள் அந்த லாட்ஜ் மொட்டைமாடியிலே இரும்புக் கம்பி ஏத்துறாங்க, வெள்ளை வெள்ளையா நீட்டமா பெட்டி மாட்டுறாங்க. எங்க ஹால் ஜன்னலுக்கு நேரே. என்னன்னு கேட்டா செல்போன் டவர்ங்கறாங்க. இங்கேருந்து ஒரு ஒட்டடைக் குச்சியை நீட்டினா அதைத் தொட்டுடலாம் சார், அவ்வளவு கிட்டே.

அந்த ஆவணியிலேதான் அவருக்குத் தலைவலி வந்துச்சு. வலின்னா மண்டையைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்துடுவாரு. பெரிய ஆஸ்பத்திரியிலே படம் எடுத்துப் பாத்துட்டு மூளையிலே கட்டின்னு சொன்னாங்க. பல வருஷமா வளர்ந்துக்கிட்டு இருந்திருக்கும்மா, இப்பதான் வெளியிலே தெரியுதுன்னாரு டாக்டர். டாக்டருங்க அப்படித்தான் சொல்லுவாங்க. கார்த்திகையிலே அவரு போயிட்டாரு.

டவருக்குக் கரண்ட் குடுத்தது தை மாசம்.

நீங்க ஏன் என்னை அப்படிப் பாக்குறீங்கன்னு தெரியுது. முன்னாடி அளக்க வந்த பொண்ணும் இதைக் கேட்டப்போ இப்படித்தான் பாத்தா. கரண்ட் குடுக்கிறதுக்கு முன்னாடியே அவரு போயிட்டாரேன்னு. நான் படிச்சவ இல்லே. கம்பி வந்து நின்னுது, ஆள் போயிட்டாரு. நடுவிலே மூணு மாசம். எனக்கு அவ்வளவுதான் தெரியும்.

காரியத்துக்கு வந்தப்போ ரெண்டாவது மாடி ரத்தினவேல் சார்தான் எனக்கு எடுத்துச் சொன்னாரு. ஹார்பர்ல வேலை பாத்து ரிட்டையர் ஆனவரு, எங்க கட்டடத்துக்கு அவர்தான் தலைவர். ஜன்னல்கிட்ட நின்னுக்கிட்டு, "சகுந்தலாம்மா, எதிர்லே பாருங்க. மூணு மாசத்துலே ஒரு உயிர். அடுத்தது யாரு வீட்டுலேயோ"ன்னாரு.  அடுத்ததுன்னு ஒருத்தரு சொன்னா, எங்க வீட்டுலே மிச்சம் இருக்கிறது யாரு? ரத்தினவேல் சாருக்கு அப்போ வீட்டை வித்துட்டுப் பையன்கிட்ட கோயம்புத்தூர் போயிடணும்னு இருந்துச்சு. டவரைப் பாத்துட்டு வீடு பாக்க வர்றவங்கல்லாம் திரும்பிப் போயிடறாங்கன்னு அடிக்கடி வருத்தப்படுவாரு. ஆனாலும் எங்களுக்காகத்தான் அலைஞ்சாரு, மனு மனுவா எழுதினாரு.

மாசி மாசம் கோகிலாவை வேலையிலேருந்து நிறுத்தினேன். சுத்தி நாப்பது அம்பது போன் எரிஞ்சுக்கிட்டு இருக்கிற இடத்துலே காலையிலேருந்து சாயங்காலம் வரைக்கும் நிக்கிறா. அப்பனை விழுங்கினது பத்தாதா? அவ கொஞ்சம் அழுதா. அப்புறம் சரின்னுட்டா. அவ நல்ல பொண்ணு சார், எதிர்த்துப் பேச மாட்டா. அப்புறம் அவ போனை வாங்கி அரிசி டிரம்முக்குள்ளே போட்டு மூடினேன். மொட்டைமாடிக்குத் துணி காயப்போடப் போகாதேன்னேன், டவர்க் கதிர் அங்கேதான் நேரா அடிக்கும். ஹால்லே ஜன்னல் பக்கம் உட்காராதேன்னேன். ரூமும் தெருவைப் பாத்த ரூம்தான். கடைசியிலே உள்ரூம்ல இருந்த பாத்திரம், பழைய பாய், தலகாணியெல்லாம் எடுத்துட்டு அங்கே ஒரு கட்டில் போட்டேன். டவருக்கும் அதுக்கும் நடுவிலே மூணு சுவர் இருக்கு.

சாப்பாடு கட்டுறாங்களே அலுமினியப் பேப்பர், அதை ரோல் ரோலா வாங்கியாந்து நானே ஒட்டினேன். ஹால் ஜன்னல் பூரா, ரூம் ஜன்னல் பூரா, உள்ரூம்ல நாலு சுவரும், கதவுக்குப் பின்னாடியும். மைதா காய்ச்சி ஒட்டினது. ஸ்டூல் மேலே ஏறி, இந்த முட்டியை வச்சுக்கிட்டு. கோகிலா கீழே நின்னு பேப்பரை வெட்டி வெட்டிக் குடுத்தா. மேலே நிமிர்ந்தே பாக்கலை. "ஏண்டி, அம்மா உனக்காகத்தானே பண்றேன்"னேன். "தெரியும்மா"ன்னா.

பதிமூணு மாசம் அப்படி இருந்தா. நான் எங்கேயும் போகலை, அவளையும் எங்கேயும் அனுப்பலை. கறிகாய்க்குக் கூட கீழ்வீட்டு அம்மாகிட்ட பையைக் குடுத்து அனுப்புவேன். அவ பி.காம் கூடப் படிச்ச பொண்ணுங்க ரெண்டு பேரு ஒரு தடவை வந்தாங்க. ரெண்டு பேரு கையிலும் போன். வெளியே செருப்போட வச்சுட்டு வாங்கன்னேன். ஒரு மாதிரி பாத்துட்டு, அஞ்சு நிமிஷம் நின்னு பேசிட்டுப் போயிட்டாங்க. அப்புறம் வரலை.

இவ்வளவு பண்ணியும் அந்தக் கதிர் விடலை சார். அவளுக்குத் தலைவலி. தூக்கம் கிடையாது. முடி கொத்துக் கொத்தா சீப்போட வரும். தட்டுலே போட்ட சோத்தை அப்படியே பாத்துக்கிட்டு உட்கார்ந்திருப்பா. கூப்பிட்டா ரெண்டாவது தடவைதான் திரும்புவா. நான் பேப்பரை ரெண்டு மடிப்பா ஒட்டினேன். அப்பவும் குறையலை. உள்ளே வந்துட்டதை எப்படி வெளியே எடுக்கிறது? ராத்திரி பகலா அதே நினைப்பு எனக்கு.

இந்த நேரத்துலேதான் ரத்தினவேல் சார் எழுதின மனுவுக்குப் பதில் வந்துச்சு. ஜனம் நெருக்கமா இருக்கிற ஏரியாவிலெல்லாம் கதிர் எவ்வளவு இருக்குன்னு அளக்குறாங்களாம், எங்க சந்தும் அதுலே சேர்ந்துடுச்சாம். ஆள் வருவாங்கன்னாரு. எனக்கு அன்னிக்குத்தான் கொஞ்சம் தெம்பு வந்துச்சு. ஒரு மெஷின் வந்து சொல்லிட்டா அப்புறம் யாரு மறுக்க முடியும்?

பங்குனி, புதன்கிழமை. நித்யகலான்னு ஒரு பொண்ணு. உங்களுக்குத்தான் தெரியுமே, உங்க ஆபீஸ்தானே. பெரம்பலூர்ப் பக்கம், வயசு முப்பது இருக்கும். பத்து மணிக்கெல்லாம் வந்துட்டா. தெருமுனையிலே ஒரு தடவை வச்சா, லாட்ஜ் வாசல்லே ஒரு தடவை வச்சா, எங்க மொட்டைமாடியிலே ஒரு தடவை. வெயில்லே முகமெல்லாம் சிவந்து போச்சு. ஒவ்வொரு இடத்துலேயும் ஆறு நிமிஷம் அசையாம வைக்கணுமாம். கட்டடத்து ஆளுங்க அஞ்சாறு பேரு கூடவே போனாங்க. மொட்டைமாடியிலே ரத்தினவேல் சார், "எவ்வளவும்மா காட்டுது?"ன்னாரு.

"அனுமதிச்ச அளவிலே நூத்துலே ரெண்டு பங்குதான் சார் இருக்கு"ன்னா.

"இன்னொரு தடவை வச்சுப் பாரும்மா."

வச்சுப் பாத்தா. அதே. அவரு முகம் தொங்கிப் போச்சு. கடைசியா எங்க வீட்டுக்கு வந்தா, டவருக்கு நேரே இருக்கிற வீடுன்னு. ஹால்லே வச்சா, அதை விடக் குறைச்சல்ங்கறா. அப்புறம் உள்ரூம் கதவைத் திறந்தேன். கோகிலா கட்டில்லே சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தா. அந்தப் பொண்ணு ஒரு நிமிஷம் வாசல்லேயே நின்னுட்டா. லைட்டைப் போட்டா சுவர் பூரா பளபளன்னு இருக்கும், புதுசாப் பாக்குறவங்களுக்குக் கண்ணு கூசும். மெள்ள உள்ளே வந்து முக்காலியை வச்சா. ஆறு நிமிஷம் ஆச்சு. மீட்டரைப் பாத்துட்டு, "ஆன்ட்டி, இந்த ஊருலே நான் ஆயிரம் இடத்துலே அளந்திருப்பேன். இவ்வளவு குறைச்சலா எங்கேயும் வந்ததில்லை"ன்னா.

என் கையாலே ஒட்டினது சார். இந்த மெட்ராஸ்லேயே குறைச்சல் அளவு என் வீட்டு உள்ரூம்லே. எனக்கு எவ்வளவு பெருமையா இருந்திருக்கும், நீங்களே சொல்லுங்க.

அந்தப் பொண்ணு பெருமைப்படலை. "இங்கே எத்தனை நாளா இருக்காங்க இவங்க?"ன்னு கேட்டா. பதிமூணு மாசம்னேன். அவ திரும்பிக் கோகிலாவைப் பாத்தா. கோகிலா எழுந்து உட்கார்ந்து தலையைச் சரி பண்ணிக்கிட்டா.

அப்போ ரத்தினவேல் சார் வாசல்லேருந்து என்னைக் கையைக் காட்டிக் கூப்பிட்டாரு. போனேன். மெதுவாச் சொன்னாரு: "சகுந்தலாம்மா, இந்த நம்பரை இவ ஆபீஸ்ல குடுத்தா நம்ம கதை முடிஞ்சுது. பத்து வருஷத்துக்கு அந்த டவரை யாரும் அசைக்க முடியாது. அளவு அதிகம்னு ஒரு காயிதத்துலே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுக்கட்டும். அதுவரைக்கும் அந்தப் பொண்ணு கீழே இறங்கக் கூடாது."

சொல்லிட்டு அவரு எங்க வாசல் கிரில் கேட்டுக்கு வெளியே போய் நின்னுக்கிட்டாரு. கேட்டைச் சாத்துங்கன்னாரு, சாத்தினேன். பூட்டுங்கன்னாரு. நான் பூட்டி அடைச்சு வச்சேன்னு உங்க ஆபீஸ்ல பேசிக்கிறாங்களாமே, அப்படியெல்லாம் பெரிசா எதுவும் இல்லே சார். எப்பவும் பூட்டுற கேட்டுதான் அது. சாவி எப்பவும் போல என் இடுப்புலே இருந்துச்சு. அவ்வளவுதான் நடந்துச்சு. அவளுக்கு ஒரு குறையும் வைக்கலை. வத்தக்குழம்பு வச்சு, அப்பளம் பொரிச்சு, மோர் தாளிச்சுக் குடுத்தேன். சாப்பிட மாட்டேன்னா. அது அவ இஷ்டம்.

முதல்லே கோபப்பட்டா. "ஆன்ட்டி, நான் வேலையா வந்திருக்கேன், திறங்க"ன்னா. ரத்தினவேல் சார் கம்பி வழியா ஒரு வெள்ளைக் காயிதமும் பேனாவும் நீட்டினாரு. அவ வாங்கலை. "நான் பொய்யா ஒரு நம்பர் எழுதிக் குடுத்தா நாளைக்கே இன்னொருத்தர் வந்து அளந்து பாப்பாங்க சார். அப்புறம் இந்தச் சந்துலே இருக்கிறவங்க நிஜமா ஒரு கஷ்டம்னு சொன்னாக் கூட யாரும் காது குடுக்க மாட்டாங்க"ன்னா. அவரு, "அதை நாங்க பாத்துக்கிறோம், நீ எழுதும்மா"ன்னுட்டாரு.

ஆபீஸ்க்குப் பேசலாம்னு போனை எடுத்தா. லைன் கிடைக்கலை. நான்தான் பேப்பர் ஒட்டி வச்சிருக்கேனே. ஹால்லே அந்த மூலைக்குப் போறா, இந்த மூலைக்குப் போறா, போனை மேலே தூக்கிப் பிடிக்கிறா. ஹலோங்கறதுக்குள்ளே அறுந்து போகுது. உள்ரூம்லே அதுவும் இல்லே. கடைசியிலே போனைப் பைக்குள்ளே போட்டுட்டு உள்ரூம்லே போய்க் கோகிலா கட்டில்லேயே உட்கார்ந்துட்டா.

பன்னெண்டு மணிக்கு மேலே அந்த ரூம்லேருந்து பேச்சுக் குரல் கேட்டுச்சு. நான் சமையல்கட்டுலே இருந்தேன். என்ன பேசுறாங்கன்னு முழுசாக் காதுலே விழலை. கோகிலா என்னமோ கேக்குறா, அந்தப் பொண்ணு என்னமோ சொல்றா. மீட்டரை எப்படிப் பிடிக்கிறது, எந்த நம்பர் எதுக்குன்னு. திடீர்னு கோகிலா சிரிச்சா. சார், கரண்டியைக் கையிலே வச்சுக்கிட்டு அப்படியே நின்னுட்டேன். அவ சிரிச்சு ஒரு வருஷத்துக்கு மேலே ஆச்சு. பாத்தியா, ஒரு ஆள் வந்து துணைக்கு உட்கார்ந்ததும் புள்ளைக்கு எவ்வளவு தேவலைன்னு நினைச்சேன். இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டும்னு தோணுச்சு எனக்கு. பொய் சொல்லுவானேன். காயிதத்துக்காக மட்டும் நான் சாவியை வச்சுக்கிட்டு இருக்கலை.

அப்புறம் கோகிலா மீட்டரைக் கையிலே எடுத்துக்கிட்டு வீடு பூரா நடந்தா. ஹால், ரூம், சமையல்கட்டு, பாத்ரூம். என் பக்கத்துலே வந்து நின்னா. "இங்கேயும் ஒண்ணும் இல்லேம்மா"ன்னா.

"அது இன்னிக்கு அடங்கி இருக்குடி. ஆள் வந்து அளக்குறது அவங்களுக்குத் தெரியாதா? குறைச்சு வச்சிருப்பாங்க"ன்னேன்.

அவ மீட்டரைக் கீழே வச்சுட்டு, "அப்பாவுக்கு வந்தது இதாலே இல்லேம்மா"ன்னா. நான் அப்பளத்தைத் திருப்பிப் போட்டேன். 

ரெண்டு மணிக்கு வந்து, "சாவியைக் குடும்மா"ன்னா. நாலு பேரு நல்லதுக்குடின்னேன். போயிட்டா. மூணு மணிக்கு அந்தப் பொண்ணு அழுதா. அவளுக்கு ரெண்டு வயசுலே குழந்தை இருக்காம், குழந்தைங்க காப்பகத்துலே விட்டுட்டு வந்திருக்கா, நாலரைக்குள்ளே போய்க் கூட்டிக்கணுமாம், இவ போகலேன்னா குழந்தையைக் கேட்டுலே உட்கார வச்சுடுவாங்களாம். எனக்கும் மனசு இளகிடுச்சு சார், நானும் பெத்தவதானே. நாலு மணிக்கு நானே திறந்து விட்டிருப்பேன். நிச்சயமாத் திறந்து விட்டிருப்பேன்.

கோகிலா மறுபடி சமையல்கட்டுக்கு வந்தா. கதவு நிலையைப் பிடிச்சுக்கிட்டு நின்னா. "அவங்களை விட்டுடும்மா. நான்தான் இருக்கேன்ல"ன்னா.

பாருங்க, எவ்வளவு பாசம் அந்தப் புள்ளைக்கு. எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. "நீ இருக்கேடி கண்ணு, நீ எங்கே போகப் போறே"ன்னு கன்னத்தைத் தொட்டேன்.  திரும்பி ஹாலுக்குப் போனா.

சரக்குன்னு ஒரு சத்தம். என்னன்னு எட்டிப் பாத்தா ஜன்னல் பேப்பரை நகத்தாலே கீறிக் கிழிக்கிறா. மேலே கை எட்டலை, ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறிட்டா. மைதா காஞ்சு இறுகிப் போயிருக்கு, பட்டை பட்டையா வருது. ஒரு நகம் பிஞ்சு ரத்தம் வருது, அவ பாக்கலை. ரெண்டு கதவையும் தள்ளித் திறந்துட்டா. பதிமூணு மாசத்துக்கு அப்புறம் அந்த ஜன்னல் திறக்குது. வெயில் இந்தத் தரை பூரா விழுந்துச்சு. தெருச் சத்தம் அப்படியே உள்ளே வந்துச்சு, யாரோ பழம் கூவுறான், ஹார்ன் அடிக்கிறான். அவ கண்ணைச் சுருக்கிக்கிட்டு, கம்பியைப் பிடிச்சுக்கிட்டு மூச்சை இழுத்து இழுத்து விடுறா. பதிமூணு மாசம் பாத்துப் பாத்துக் காப்பாத்தினதை ரெண்டு நிமிஷத்துலே கெடுத்துட்டியேடின்னு நான் தரையிலே உட்கார்ந்துட்டேன்.

உள்ரூம்லேருந்து அந்தப் பொண்ணு ஓடி வந்தா. ஜன்னல்கிட்ட நின்னதும் அவ போன் விடாம அடிக்குது. ஆபீஸ்லேருந்துதான். அவ அதை எடுக்காம முதல்லே காப்பகத்துக்குப் பேசினா. "அரை மணி நேரம் லேட்டாகும், குழந்தைக்குப் பால் குடுத்துடுங்க"ன்னா. அதுக்கு அப்புறம்தான் ஆபீஸ்க்கு. என்ன சொல்லுவாளோன்னு எனக்குத் திக்குன்னு இருந்துச்சு. "வேலை முடிஞ்சுது சார், கொஞ்சம் தாமதமாயிடுச்சு, கிளம்பிட்டேன்"னு மட்டும் சொன்னா. அதை நான் மறுக்க மாட்டேன். நல்ல பொண்ணுதான்.

கோகிலா என் பக்கத்துலே வந்து குனிஞ்சு என் இடுப்புலேருந்து சாவியை எடுத்தா. நான் தடுக்கலை. தடுத்திருக்கலாம், அவளுக்கு உடம்புலே தெம்பே கிடையாது. ஆனா அவ கை சில்லுன்னு இருந்துச்சு சார். அந்தக் குளிர்ச்சியிலே எனக்குக் கை எழலை. கேட்டைத் திறந்தா. ரத்தினவேல் சார் மதியம் தூங்கப் போயிட்டாரு, வெளியே ஒரு ஆளும் இல்லே.

உள்ளே போய் முகம் கழுவினா. வேற சுடிதார் போட்டுக்கிட்டா. அரிசி டிரம்முக்குள்ளே முழங்கை வரைக்கும் கையை விட்டுப் போனை எடுத்துத் துடைச்சா. அது அங்கே இருக்கிறது அவளுக்கு முதல்லேருந்தே தெரிஞ்சிருக்கு. "அக்காவை ஆட்டோ ஏத்தி விட்டுட்டு வரேம்மா"ன்னா. முக்காலியை இவ தூக்கிக்கிட்டா, மீட்டர்ப் பையை அந்தப் பொண்ணு தூக்கிக்கிட்டா. ஜன்னல் வழியாப் பாத்தேன். ரெண்டு பேரும் சந்து முனை வரைக்கும் பேசிக்கிட்டே போறாங்க. முனையிலே கோகிலா நின்னு நாலு பக்கமும் பாத்தா, ரோடு கடக்கப் பழக்கம் விட்டுப் போன மாதிரி. அந்தப் பொண்ணு கையைப் பிடிச்சுக்கிட்டா.

ஆறு மணி வரைக்கும் காப்பியைச் சுட வச்சுச் சுட வச்சு எடுத்து வச்சேன். வரலை. மூணாம் நாள் கோகிலா கீழ்வீட்டு அம்மா போனுக்குக் கூப்பிட்டா. வில்லிவாக்கத்துலே ஒரு பெண்கள் விடுதியிலே இருக்காளாம், நித்யகலா சேர்த்து விட்டாளாம், சாப்பிட்டேன், தூங்கினேன்னா. எப்போ வருவேன்னு கேட்டேன். "வரலேம்மா"ன்னா. கோபமாவும் சொல்லலை. தலைவலி எப்படி இருக்குன்னு கேட்டேன். "போயிடுச்சும்மா"ன்னா.

பாத்தீங்களா. டவரை விட்டுத் தள்ளிப் போனதும் போயிடுச்சு. நான் அன்னிக்கே சொன்னேன், யாரு கேட்டாங்க?

அப்புறம் அவ உங்க ஆபீஸ்லேயே வேலைக்குச் சேர்ந்ததெல்லாம் உங்களுக்கே தெரியும். போன ஆனியிலே லாட்ஜ்காரர் கட்டடத்தை இடிச்சுக் கட்டப் போறேன்னு டவரையும் இறக்கிட்டாரு. எங்க மனுவாலே இல்லே, அவரா இறக்கினது. ரத்தினவேல் சாரும் வீட்டை வித்துட்டுக் கோயம்புத்தூர் போயிட்டாரு. சொல்லிக்காமத்தான் போனாரு. லாரியிலே சாமான் ஏத்துறப்போதான் எனக்குத் தெரியும்.

போன தீபாவளிக்கு முன்னாடி ஹைரோட்டிலே அவளைப் பாத்தேன் சார். ஞாயித்துக்கிழமை, துணிக்கடைக் கூட்டம். கால் வைக்க இடமில்லே, ஜனம் நம்மளைத் தூக்கிக்கிட்டுப் போகுது. அந்தக் கூட்டத்துக்கு நடுவிலே ஒரு பொண்ணு முதுகுலே பையை மாட்டிக்கிட்டு, கையிலே உருண்டையா ஒண்ணை நீட்டிப் பிடிச்சுக்கிட்டு நிக்குது. ஜனமெல்லாம் அவளைச் சுத்திக்கிட்டுப் போறாங்க. உடம்பு போட்டிருக்கா. முடியை வெட்டி விட்டுருக்கா. வெயில்லே கறுத்துப் போயிட்டா. எனக்கு முதல்லே அடையாளமே தெரியலை. அவங்க அப்பா வேலை பாத்த கடைக்கு ரெண்டு கடை தள்ளித்தான். இடிச்சுப் பிடிச்சுக்கிட்டுக் கிட்டே போய், "கோகிலா"ன்னேன்.

திரும்பலை. மீட்டரையே பாத்துக்கிட்டு, "அம்மா, கொஞ்சம் தள்ளி நில்லு. ஆள் கிட்டே இருந்தா அளவு தப்பா வரும்"னா.

தள்ளி நின்னேன். இன்னும் கொஞ்சம்னு கையைக் காட்டினா. ஒரு வளையல் கடைப் படிக்கட்டுலே ஏறி நின்னேன். அங்கேருந்து பாத்துக்கிட்டே இருந்தேன். முடிச்சுட்டு என்னமோ எழுதினா, அப்புறம் வந்தா. என் கையிலேருந்த பையை வாங்கிக்கிட்டா. கரும்புச் சாறு வாங்கிக் குடுத்தா. முட்டி வலி எப்படி இருக்கு, மாத்திரை சாப்பிடுறியான்னு கேட்டா. நல்லாத்தான் பேசினா சார். ஒரு குத்தமும் சொல்ல முடியாது. "ஒரு எட்டு வீட்டுக்கு வந்துட்டுப் போயேன்"னேன். "வேலை இருக்கும்மா"ன்னுட்டா.

அதுக்கு அப்புறம்தான் போன வாரம் நான் போன் பண்ணினது. எனக்கும் உங்க அப்பா மாதிரியே தலைவலி வருதுடி, டவரை எடுத்தும் எங்கேருந்தோ வருது போல இருக்கு, நீ வந்து ஒரு தடவை மீட்டரை வச்சுப் பாத்துட்டுப் போன்னேன். எனக்குத் தலைவலியெல்லாம் ஒண்ணும் கிடையாது. அப்படிச் சொன்னாத்தானே ஆள் வரும்னு சொன்னேன். முகுந்தன் சாரை அனுப்புறேம்மான்னா.

அது என்ன, முடிஞ்சுதா? எவ்வளவு காட்டுது? ஒண்ணுமே இல்லையா? நல்லது சார், ரொம்ப நல்லது. அதைத்தான் எழுதிக்கிட்டுப் போங்க. நான் கூட்டி எழுதுங்கன்னு சொல்லவே மாட்டேன், பயப்படாதீங்க.

உள்ரூம்லேயும் ஒரு தடவை வச்சுடுங்க. வாங்க. லைட்டைப் போடுறேன், கண்ணு கூசும், பாத்து வாங்க. போன மாசம்தான் பழைய பேப்பரை உரிச்சுட்டுப் புதுசா ஒட்டினேன். கட்டிலுக்கு மெத்தை மாத்தியிருக்கேன். தலகாணி உறை அவளுக்குப் பிடிச்ச மஞ்சள். நீங்க ஆபீஸ்க்குப் போனதும் அவகிட்ட நம்பரைக் காட்டுங்க சார். டவரும் இல்லே, வீட்டுலே ஒரு பயமும் இல்லே, அம்மா ரூமைத் தயார் பண்ணி வச்சிருக்காங்க, இனிமே தாராளமா வந்து இருக்கலாம்னு சொல்லுங்க.